இளம் பூனையின் சிறுநீர்ப் பழக்கம்: எது இயல்பு, எப்போது ஆபத்து?

[காட்சி: மணல் தட்டில் முன்காலால் குழி பறிக்கும் பூனைக்குட்டி]

வணக்கம். வீட்டுக்குப் புதிதாக வந்த பூனைக்குட்டி காலையிலிருந்து மணல் தட்டின் பக்கமே போகவில்லை என்று கவலைப்படுவோரும், அதற்குள் ஐந்து முறை போய்விட்டதே என்று திகைப்போரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இது இயல்பானதுதானா?

பிறந்து ஏறத்தாழ 3 வாரங்கள் வரை குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க இயலாது. தாய்ப்பூனை அதன் பின்பகுதியை நக்கித் தூண்டினால்தான் வெளியேறும். தாயை இழந்த குட்டிக்குப் பாலூட்டும் ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அவ்விடத்தை மெல்லத் துடைத்துவிடச் சொல்வது இதனால்தான். நான்காவது வாரத்தையொட்டி அது தானாகவே மணலைத் தேடிப் பறிக்கத் தொடங்கிவிடும்.

ஆறு மாதம் கடந்த நலமான பூனை பெரும்பாலும் நாளொன்றுக்கு 2 முதல் 4 முறை சிறுநீர் கழிக்கும். சிறு குட்டிகள் இன்னும் சில முறை போகலாம். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட நிலங்களில் வாழ்ந்த விலங்கு என்பதால், கிடைத்த நீரை வீணாக்காமல் மீட்டுக்கொண்டு அடர்த்தியான சிறுநீரை வெளியேற்றும் சிறுநீரகம் இதற்கும் வாய்த்திருக்கிறது. அந்தக் காரமான வாடையைக் கண்டு பதற வேண்டியதில்லை.

[காட்சி: உலர் உணவுக் கிண்ணம், அருகே ஈர உணவு]

3 கிலோ எடையுள்ள பூனைக்கு, உணவில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி நீர் தேவை. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் நீரே இருப்பதால், அதை உண்ணும் பூனை தண்ணீர்க் கிண்ணத்தை எட்டிப் பார்க்காமலும் இருக்கலாம். உலர் உணவில் இருப்பதோ ஏறத்தாழ 10 விழுக்காடுதான்.

ஆனால், எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு என்பதே முக்கியம். ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைப் பயன்படுத்துவோர், தட்டைச் சுத்தம் செய்யும்போது கட்டிகளின் அளவைக் கவனித்து வர வேண்டும். (மிகச் சிறு குட்டிகள் மணலைத் தின்றுவிடும் என்பதால், அவற்றுக்கு இவ்வகை மணல் வேண்டாம்.) வழக்கமாக எலுமிச்சை அளவில் இருந்த கட்டிகள் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கி எண்ணிக்கையில் பெருகினால், சிறுநீர்ப்பையில் எரிச்சல் இருக்கக்கூடும். இளம் பூனைகளில் கிருமித்தொற்று இதற்குக் காரணமாவது அரிது என்பதால், வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

புதிய வீட்டுக்கு வந்த பூனை அச்சத்தால் கட்டிலுக்கடியில் பதுங்கி, ஒரு நாள் வரை அடக்கி வைத்திருப்பதும் உண்டு. வாலைச் சிலிர்த்தபடி நின்றவாறே சுவரில் பீய்ச்சுவது எல்லையைக் குறிக்கும் செயல். கருத்தடை அறுவைக்குப் பின் பெரும்பாலான கடுவன்களில் இது நின்றுவிடும்.

[காட்சி: தட்டில் நெடுநேரம் குந்தியிருக்கும் கடுவன் பூனை]

இனி வருவதைக் கடுவன் வளர்ப்போர் கூர்ந்து கேட்க வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. நுண்படிகமும் சளியும் சேர்ந்த சிறு அடைப்பே அதை முழுவதும் மூடிவிடப் போதும். அப்போது பூனை மீண்டும் மீண்டும் தட்டில் குந்தி முக்கும், கத்தும், பிறப்புறுப்பை நக்கும், ஆனால் மணல் நனையாது. மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் ஊட்டிக் காத்திருப்போரை என்னவென்று சொல்வது! சிறுநீர் வெளியேறாமல் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது இதயத் துடிப்பே தடுமாறி, ஓரிரு நாட்களில் உயிர் போகலாம்.

இந்நிலையில் விடியும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வீங்கிய வயிற்றை அழுத்தக் கூடாது. வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஏனெனில் ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொல்லக்கூடும். கிளம்பும்போதே மருத்துவரை அழைத்து, கடைசியாக மணலில் கட்டி கண்டது எப்போது, வாந்தி எடுத்ததா, உணவு உண்டதா என்ற மூன்றையும் தெரிவித்துவிடுங்கள்.