வட்டமிடாத எண்

(கோத்தகிரியில் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த மருத்துவக் கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்தார். ரேஷன் அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியிருந்த சீட்டை நீட்டி, "இதயம் கெட்டுப்போச்சாமே டாக்டர்?" என்றார். முழு உடல் பரிசோதனைக்குப் பல நாள் கூலியைக் கொடுத்திருக்கிறார். சீட்டில் இரண்டு எண்களுக்குச் சிவப்பு வட்டம்: டி.எஸ்.எச். 6.8, சி.ஆர்.பி. 9.

அவர் வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தேன். நகச்சுற்று, சீழ் கட்டி, தொட்டாலே துடித்தார்.

சி.ஆர்.பி. என்பது உடலில் எங்கு அழற்சி இருந்தாலும் கல்லீரல் சுரக்கும் புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் அதை முதலில் கண்டார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும்போதும் மெல்லிய அழற்சி உண்டு என்பதால், நுண்ணிய சோதனையில் 1க்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 3க்கு மேல் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு காய்ச்சலோ சீழோ இல்லாத நாளுக்கு மட்டுமே பொருந்தும். அந்த அம்மாவின் 9 விரலைப் பற்றிச் சொன்னது, இதயத்தைப் பற்றி அல்ல.

அடுத்தது தைராய்டு. உங்களுக்குத் தெரிந்த ஆளைக் கொண்டே சொல்கிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் மேஸ்திரி. அவர் அனுப்பும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன்தான் தைராய்டை வேலை வாங்கும் குரல். தைராய்டு சற்றுத் தளர்ந்தால் குரல் உயரும். ஆனால் எடை போடும் இடத்தில் கூடை நிறைந்தே இருக்கிறது, அதாவது தைராய்டு சுரக்கும் டி-4 ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கிறது என்றால், அதுதான் லேசான தைராய்டு குறைவு. குரல் சில நேரம் தானாகவே தணியும். அதனால்தான் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறோம்.

இந்த லேசான குறைவில் சி.ஆர்.பி. கூடுகிறதா? சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. உடல் பருமனும் அதை உயர்த்தும். சுவிட்சர்லாந்தில் தைராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில் சி.ஆர்.பி. இறங்கவில்லை. ஆகவே சி.ஆர்.பி.யைக் குறைக்கவென்று தைராய்டு மாத்திரை விழுங்குவதில் பொருள் இல்லை.

இதயத்துக்கு ஆபத்து இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 55,287 பேரின் விவரங்களைத் திரட்டி 2010இல் வெளிவந்த ஆய்வில், டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதயநோய் தெளிவாகக் கூடியிருந்தது. 7க்குக் கீழே அப்படிக் கூடவில்லை. தைராய்டு தளர்ந்தால் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் அள்ளி எடுப்பது குறைகிறது, குழாய்கள் விறைக்கின்றன. எனவே 10ஐத் தாண்டியவர்கள் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு; உடனே வாருங்கள்.

நம் மலையில் இன்னொரு சிக்கல். குளிர்கிறது, தோல் வறள்கிறது, அசதியாக இருக்கிறது என்றால் இங்கே யாரும் வியப்பதில்லை. நோய் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விடியற்காலை டீயோடு அதை விழுங்கிவிடுகிறார்கள். அது வெறும் தண்ணீரில், வெறும் வயிற்றில் போக வேண்டும். டீக்கு அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

அந்த அம்மாவின் விரல் ஆறியது. இரண்டு மாதம் கழித்து சி.ஆர்.பி. 1க்குக் கீழே, டி.எஸ்.எச். 4.3. ஆனால் அந்தப் பழைய சீட்டின் மூலையில், பேனாவால் சிறிதாக, ரத்த அழுத்தம் 156/98 என்று எழுதியிருந்தது. அதற்கு யாரும் வட்டம் போடவில்லை. இப்போது அதற்குத்தான் மருந்து எடுக்கிறார்.

மேடைக்கு இடப்பக்கம் அழுத்தம் பார்க்கும் கருவியோடு செவிலியர் உட்கார்ந்திருக்கிறார். டீ வருவதற்குள் ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டுங்கள்.