கோயில் வாசலில் ஒரு ரொட்டி

அவைத்தலைவர் அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவே வந்திருக்கும் எடையளவுத் துறை அதிகாரி அவர்களே, வாடகை வாங்காததோடு சுண்டலும் செய்து வைத்திருக்கும் மண்டப உரிமையாளர் அவர்களே, விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாமல் ஏற்க வேண்டும், எல்லோருக்கும் வணக்கம்.

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் அந்தக் காலத்துச் சந்தையில் ரொட்டி, இறைச்சி, மீன் மூன்றையும் எப்படி விற்றார்கள் என்று பேசச் சொன்னார்கள். ரொட்டியில் தொடங்குகிறேன்.

1120-ல் கொன்ராடு என்ற பிரபு சந்தை உரிமை கொடுத்து உண்டாக்கிய ஊர் அது. அப்போது கடைகள் பெரிய தெருவில் இருந்தன. இன்று பேராலயத்தைச் சுற்றித்தான் சந்தை. 116 மீட்டர் கோபுரத்தை வருகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் பார்த்தது கீழே, வாசல் சுவரில். முழக்கோல், தானிய அளவு, அப்புறம் ரொட்டியின் வடிவங்கள், எல்லாம் கல்லில். ரொட்டிகளுக்குப் பக்கத்தில் 1270, 1317, 1320 என்று ஆண்டுகள்.

ரொட்டிக்கு எதற்கு ஆண்டு? காசு மாறாது, தானிய விலையைப் பார்த்து ரொட்டிதான் சிறுக்கும், பெருக்கும். 1315 முதல் 1317 வரை ஆல்ப்ஸுக்கு வடக்கே பெரும் பஞ்சம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ‘அளக்கிற நாழி அகவிலை அறியுமா’ என்று என் பாட்டி அடிக்கடி சொல்வாள். ஃப்ரைபுர்க் ரொட்டிக்கு அகவிலை தெரிந்திருந்தது!

நான் அங்கே போன கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சந்தையில் நீளமான சிவப்புத் தொத்திறைச்சியைச் சின்ன ரொட்டியில் வைத்துத் தருகிறார்கள். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரம்மா ஏதோ கேட்டார், தலையாட்டினேன். மறுபடி கேட்டார், மறுபடி ஆட்டினேன். வெங்காயம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வியாம். நம் தலையாட்டல் அங்கே யாருக்குப் புரியும்? பாதி நீளத்துக்கு மட்டும் வெங்காயம் போட்டுக் கொடுத்தார். அதைத் தின்றுவிட்டு, வேறொரு பன்னை வாங்கிக்கொண்டு போய்க் கல் ரொட்டியின்மேல் வைத்துப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. பின்னால் நின்ற ஒரு பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து தன் ரொட்டியை எடுத்து அவரும் வைத்துப் பார்த்தார்! இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சந்தேகம் வந்தால் அன்றைக்கு யாரும் அதிகாரியைத் தேடி அலைய வேண்டியதில்லை, சுவர் இருந்தது. ஏமாற்றிய ரொட்டிக்காரரைக் கூண்டில் வைத்துத் தண்ணீரில் முக்கியெடுத்த ஊர்களும் ஜெர்மன் நாடுகளில் உண்டு. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை, சங்கத் தலைவர் பயப்பட வேண்டாம். போன மாதம் ஒரு கடையில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கினேன். வீட்டுத் தராசில் 850 கிராம். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன். அளக்கிற நாழி அகவிலை அறிய வேண்டாம் ஐயா, தன் அளவையாவது அறியட்டும்! நான் இரண்டு வருஷமாகக் கேட்பது இதுதான்: நம் சந்தை வாசலில் முத்திரை போட்ட பொதுத் தராசு ஒன்று. வாங்கியவர் தானே வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

இறைச்சியும் மீனும் மிச்சம் இருக்கின்றன. தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மனு வாசல் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வைத்துவிடுங்கள். போன கூட்டத்தில் நான்கு பேனா காணாமல் போனது.