கால் வலியும் கொழுப்பு மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். நோயாளிகள் என்னிடம் ஒளித்த விஷயங்களில் முதலிடம் கொழுப்பு மாத்திரைக்குத்தான். "தினம் போடுறேன் டாக்டர்" என்பார்கள். ரிப்போர்ட்டில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 170 என்று இருக்கும்.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். தினமும் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி ரங்கநாதன் தெருப் பக்கம் இறங்குகிறவர். அட்டோர்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் மாதம் இரண்டு தொடையும் பிழிந்து போட்ட மாதிரி வலி. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் கூட்டத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பாராம். என்னிடம் மூச்சு விடவில்லை. எட்டு மாதம், வீட்டம்மா எடுத்துத் தந்த மாத்திரையைத் துளசித் தொட்டி மண்ணில் புதைத்திருக்கிறார்! துளசிக்குக் கொலஸ்ட்ரால் குறைந்திருக்கும், போகட்டும்.

வேடிக்கை என்னவென்றால், நிறுத்தியும் வலி போகவில்லை. மாத்திரையால் வந்த வலி பெரும்பாலும் நிறுத்திய சில வாரங்களில் அடங்கிவிடும். சந்தேகப்பட்டு ரத்தம் பார்த்தால், தைராய்டு சுரப்பு குறைவு. தைராய்டு குறைந்தால் சதையும் வலிக்கும், கொலஸ்ட்ராலும் ஏறும். முதலில் அதைச் சரிசெய்தோம். அப்புறம் அதே வகையில் இன்னொரு மாத்திரை, ரோசுவாஸ்டாடின், குறைந்த அளவு, ஒன்றுவிட்டு ஒரு நாள். இப்போது படி ஏறுகிறார்.

அதனால் வலித்தால் ஒளிக்காதீர்கள், வந்து சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன், சொல்லுங்கள். இங்கிலாந்தில், பக்கவிளைவால் மாத்திரையை விட்ட 60 பேருக்கு ஒரு மாதம் நிஜ மாத்திரை, ஒரு மாதம் வெற்று மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரையிலும் தொந்தரவு ஏறக்குறைய அதே அளவு. வலி பொய் என்று அர்த்தமில்லை. வலி நிஜம்தான், காரணம் வேறாக இருக்கலாம்.

'இயற்கை' என்று ஆன்லைனில் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருக்கும் மொனாகோலின் கே என்பது லோவாஸ்டாடினேதான், அதுவும் இதே வகைக் கொழுப்பு மருந்து. எதற்குப் பயந்து ஓடினீர்களோ அதையே காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ஓட்ஸும் இசப்கோலும் கொஞ்சம் உதவும். கொஞ்சம்தான்.

மாற்று மருந்துகளைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாக. எசெட்டிமைப், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சாமல் தடுக்கும். எல்டிஎல்லை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். பெம்படோயிக் அமிலம் கல்லீரலுக்குள் போனால்தான் வேலை செய்யும், சதையில் செய்யாது. யூரிக் அமிலம் அதிகம் இருப்பவர்கள் மட்டும் கவனம். இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்று ஊசிகளும் உண்டு, விலைதான் அதிகம். எது யாருக்கு என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. சதை வலியோடு சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.