அறுபது போடுங்கோ தம்பி

வணக்கம். இந்த வெள்ளவத்தை மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறீர்கள், சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன். குடிசன மதிப்பீட்டில் பிழை பத்தரமுல்லைத் திணைக்களத்தில், கணினிக்குள்தான் நடக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை, அது வீட்டு வாசலிலேயே ஏறிவிடுகிறது.

2012இல் நானும் படிவத்தோடு கொட்டாஞ்சேனையில் படியேறி இறங்கியவன். ஓர் அம்மாவிடம் வயது கேட்டேன். "அறுபது போடுங்கோ தம்பி." போட்டிருக்கலாம், வெயில் வேறு. ஆனால் பேச்சுக் கொடுத்ததில், 83 கலவரத்தில் மூத்தவனுக்கு ஐந்து வயது, அவன் பிறக்கும்போது தனக்கு இருபத்து மூன்று என்றார். கூட்டிப் பார்த்தால் ஐம்பத்தேழு! இப்படி 0, 5இல் முடியும் வயதுகளில் சனம் குவிவதை அளக்க விப்பிள் சுட்டி இருக்கிறது. 23 முதல் 62 வரையான வயதுகளை எடுப்பார்கள். 100 என்றால் குவியவில்லை, 500 என்றால் எல்லாருமே அந்த அம்மா மாதிரி.

வயதாவது பரவாயில்லை, போர்டிங் பெடியன்கள்தான் பெரிய தலையிடி. ஒரு வீட்டில் அன்ரி "மூன்று பேர்தான்" என்றார், வாசலிலோ ஆண்களின் செருப்பு மட்டும் நாலு சோடி. வாடகை வாங்குவது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம். வழமையாக வசிக்கும் இடத்தில் எண்ண வேண்டும் என்பதுதான் விதி, ஆனால் ஊரில் அம்மா மகனையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ஆக ஒரே பெடியன் இரண்டு தரம் எண்ணப்படலாம், இல்லையென்றால் எங்குமே இல்லாமல் போகலாம்.

இனம் என்ற கேள்வி இன்னும் சிக்கல். இந்தியத் தமிழர் 1971இல் ஏறக்குறைய 11.7 இலட்சம், 1981இல் 8.2 இலட்சம். 1964இல் இரண்டு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் போக, 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டவர்களும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள். எது எவ்வளவு என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. கணக்கெடுப்பவர் முகத்தைப் பார்த்துத் தானாக நிரப்பினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

2024இல் டெப்லட் வந்துவிட்டது, நல்லது. தாயை விட மகனுக்கு வயது கூடினால் மறிக்கும்படி அதற்குள் எழுதி வைக்கலாம். ஆனால் அன்ரி மறைத்த போர்டிங் பெடியனை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்குத்தான் கொஞ்சப் பகுதிகளைத் தெரிந்தெடுத்து மறுபடி எண்ணி, இரண்டு பட்டியலையும் பெயர் பெயராக ஒப்பிடுவது. இரண்டாம் தரம் போகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், பழைய பட்டியலைப் பார்த்திருக்கவும் கூடாது. வாசலில் செருப்பைப் பார்க்கட்டும். சரி, கேள்விகளை எடுப்போமா?