காஸ்டிக் சோடாவுக்கும் கண்ணாடி போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் ஆய்வகத்தில் கரைசல் தயாரித்துக் கொடுத்தவன் நான். பிராக்டிகல் நாளன்று மேசைமேல் வரிசையாக பாட்டில்கள் நிற்குமே, அவற்றை முதல் நாளே கலக்கி வைப்பதுதான் என் வேலை.

பர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கு, அதாவது பர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு, நீர்த்த கந்தக அமிலம் வேண்டும். செறிவு 2 நார்மல் என்றால் லிட்டருக்கு அடர் அமிலம் ஏறக்குறைய 55 மில்லி. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஏன் என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். அடர் அமிலம் தண்ணீரைப் போல 1.84 மடங்கு கனம். அதன்மேல் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். இரண்டும் சேரும் இடத்தில் பிறக்கும் சூட்டில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் சட்டென்று கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு தெறிக்கும். அமிலத்தைத் தண்ணீரில் விட்டாலோ, அது கீழே இறங்கும். சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீரும் நிறைய இருக்கும். அப்போதும் கோலால் கலக்கிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும்.

அமிலத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள். என் கவலை காஸ்டிக் சோடாதான், அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். வெள்ளை வெளேரென்று, கற்கண்டு மாதிரி இருக்கும். அதனால் அலட்சியம் வந்துவிடுகிறது. ஒரு மோலார் செறிவுள்ள கரைசலுக்கு லிட்டருக்கு 40 கிராம். தண்ணீர் ஏறக்குறைய பத்து டிகிரி சூடேறும், அவ்வளவுதான். அதே லிட்டரில் 400 கிராம் கரைத்தால் பீக்கரைத் தொட முடியாது.

ஒருமுறை ஒரு மாணவர் உதவிக்கு வந்தார். காஸ்டிக் சோடா வில்லைகளை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டி, கலக்காமல் பேசிக்கொண்டு நின்றார். அடியில் எல்லாம் ஒட்டிக் கெட்டியாகி, சூடு அங்கேயே அடைந்துகிடந்தது. பிறகு கோலால் குத்தினார். குபுக்கென்று கிளம்பித் தெறித்ததில் ஒரு துளி அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்து வழிந்தது. கண்ணுக்கும் அதற்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு சில்லுதான். பார்வைக் குறைவுக்காகப் போட்ட கண்ணாடி அது! ஓரங்களில் திறந்திருக்கும் அதை நம்பக் கூடாது. சுற்றிலும் மூடிய ஆய்வகக் கண்ணாடியை முதலில் மாட்டிக்கொண்டு, பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். அன்று அவரை மாட்டச் சொல்லாதது என் தவறு. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

அமிலம் பட்டால் உடனே எரியும், கை தானாகவே குழாய்க்குப் போகும். காரம் பெரும்பாலும் அப்படி இல்லை. முதலில் சோப்பு மாதிரி வழுவழுப்பாகத்தான் தெரியும். நம் தோலில் உள்ள கொழுப்பே சோப்பாக மாறும் வழுவழுப்பு அது. எரிச்சல் தெரிவதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். கண்ணில் அமிலத்தைவிட இதுதான் மோசம். வழுக்கினால் எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

பட்ட இடத்தில் வினிகர் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஓடும் தண்ணீர்தான். தோலில் பட்டால், பட்ட துணியைக் கழற்றிவிட்டுக் குறைந்தது 15 நிமிடம். கண்ணில் காரம் என்றால் இமையை விரித்துப் பிடித்து 30 நிமிடம், பிறகு கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். கண்ணை மூடியபடி குழாயைத் தேட முடியாது. அதனால் டப்பாவைத் திறக்கும் முன் நான் குழாயைத் திருகிப் பார்ப்பேன், தண்ணீர் வருகிறதா என்று. பல நாள் வராது. வராத நாளில் கரைசல் கலக்க மாட்டேன். பிராக்டிகலை மறுநாளைக்குத் தள்ளிவைக்கச் சொல்லி ஆசிரியரிடம் போய் நிற்பேன்.