சௌகந்திகப் பூவும் பிரம்ம கமலமும்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குப் பிரம்ம கமலத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சொன்னதுமே உங்களில் பலருக்கு, மாடித் தொட்டியில் ராத்திரி வெள்ளை வெளேரென்று பூத்து விடிவதற்குள் தொங்கிப்போகுமே, அந்தப் பூ ஞாபகம் வந்திருக்கும். அது கள்ளி வகை, மெக்சிகோ பக்கத்துச் செடி; நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். அழகான பூதான். ஆனால் கேதார்நாத்தில் சிவனுக்குச் சாத்துகிற பிரம்ம கமலம் வேறு. அது இமயமலையில் சுமார் 3,700 மீட்டருக்கு மேலே, மரமெல்லாம் நின்றுபோய் வெறும் புல்லும் பாறையுமாக இருக்கிற சரிவுகளில் வளர்வது. உத்தராகண்டின் மாநில மலரும் அதுதான்.

அந்தப் பக்கம் போனால் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள்: திரௌபதி ஆசைப்பட்டு பீமன் பறித்து வந்த சௌகந்திகப் பூ இதுதான் என்று. மகாபாரதத்தில் வனபர்வத்தில் வருகிற கதை. தமிழில் வில்லிபுத்தூரார் புட்பயாத்திரைச் சருக்கம் என்று ஒரு சருக்கமே பாடியிருக்கிறார். பதரி ஆசிரமத்தில் பாண்டவர்கள் தங்கியிருக்கும்போது வடகிழக்குக் காற்று ஒரு பூவைக் கொண்டுவந்து போடுகிறது. "ஸஹஸ்ரபத்ரம் அர்காபம்", ஆயிரம் இதழ், சூரியனைப் போல ஒளி. திரௌபதி அதை எடுத்து, இதை தர்மராஜனுக்குக் கொடுக்கப்போகிறேன், இன்னும் நிறையக் கொண்டுவா, காம்யக வனத்துக்கு எடுத்துப் போகணும் என்று பீமனிடம் கேட்கிறாள். அப்புறம் வாழைத்தோப்பில் வழியை மறித்துப் படுத்திருக்கும் அனுமன், அசைக்க முடியாத வால், எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த இடம். பீமன் போய்ச் சேருவது குபேரனுடைய தாமரைக் குளத்துக்கு. பூவெல்லாம் பொன், தண்டு வைடூரியம், அன்னங்கள் நீந்தி உரசும்போது மகரந்தம் உதிர்கிறது. காவலுக்கு இருந்த ராட்சதர்கள் அடி வாங்கி ஓடிப்போய் முறையிட்டதும் குபேரன் சிரித்துக்கொண்டே, "பீமன் வேண்டிய மட்டும் ஜலஜங்களை எடுத்துக்கொள்ளட்டும்" என்கிறான். நீரில் பிறந்த பூக்கள் என்று பூவுக்குச் சொந்தக்காரனே சொல்லிவிட்டான்.

நம்ம பிரம்ம கமலமோ தண்ணீரில் முளைப்பதே இல்லை. அதனால் சுலோகத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று சொல்ல இடமில்லை என்பது என் முடிவு. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. சுலோகத்துப் பூ தேவலோகத்துப் பூ, அதைச் சுலோகத்திலேயே ரசிப்போம். மலையில் இருக்கிற பூவுக்கு அது இல்லாமலே போதுமான பெருமை இருக்கிறது.

தாவரவியலில் இதன் பெயர் சௌசூரியா ஒப்வலாட்டா. குடும்பம் சூரியகாந்திக் குடும்பம், சாமந்திக்கு உறவு. முழங்கால் உயரச் செடி. வெண்மஞ்சளாக, தாமரை இதழ் மாதிரித் தெரிகிறதே, அது இதழே இல்லை, பூவடிச் செதில். வெங்காயச் சருகு போல மெல்லிசு, வெளிச்சம் ஊடுருவும். அதை மெதுவாக விலக்கிப் பார்த்தால் உள்ளே கருஊதா நிறத்தில் சின்னச் சின்ன மொத்தைகள் நெருக்கமாக இருக்கும், ஒவ்வொரு மொத்தையிலும் ஏகப்பட்ட பூக்கள். உண்மையான பூ அவைதான். அந்த உயரத்தில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் பூக்க நேரம், அதற்குள் மழை, பனி, குளிர்காற்று, கடுமையான புற ஊதாக் கதிர் எல்லாம் உண்டு. இந்தச் செதில்கள் வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்து, மழையில் மகரந்தம் நனையாமல் மூடிக் காக்கின்றன. இப்படிப்பட்ட செடிகளைத் தாவரவியலாளர்கள் கண்ணாடிக்குடில் செடிகள் என்றே வகைப்படுத்துகிறார்கள். ஒரு செடி தனக்குத் தானே வீடு கட்டிக்கொண்டு அதற்குள் பூக்கிறது, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

சரி, பறிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பூத்தலையைக் கொய்தால் விதையும் சேர்ந்து போய்விடுகிறது. விதைக்கு இறகு போல முடி உண்டு, காற்றில் பறந்துதான் அடுத்த சரிவில் விழ வேண்டும். கர்வால் மலைக் கிராமங்களில் இதற்கு ஒரு பழைய கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாத்ரபத மாத (நமக்கு ஆவணி-புரட்டாசி) வளர்பிறை அஷ்டமியான நந்தாஷ்டமி வரும்வரை பூவில் கை வைக்கக் கூடாது, அதன் பிறகு விரதமிருந்து, வெறுங்காலோடு ஏறி, அந்த மலைத் தெய்வமான நந்தாதேவிக்கு வேண்டியதை மட்டும் கூடையில் எடுத்துவர வேண்டும். அதற்குள் முதலில் பூத்த செடிகள் விதை பிடிக்க அவகாசம் கிடைத்துவிடும். காளிதாசன் குமாரசம்பவத் தொடக்கத்தில் இமயத்துச் சிகரக் குளத்துத் தாமரைகளைச் சொல்லும்போது, சப்தரிஷிகள் பறித்தது போக மிச்சம் இருப்பவை, அந்தச் சிகரத்துக்கும் கீழே சுற்றிவரும் சூரியன் மேல்நோக்கிய கதிர்களால் அவற்றை மலர்த்துகிறான் என்கிறான். ரிஷிகளும் மிச்சம் வைக்கிறார்கள்!

இப்போது யாத்திரைப் பாதைகளில் சீசன் முழுக்கப் பூவைப் பறித்துக் காசுக்கு விற்கிறார்கள். மருந்துக்கென்றும் தோண்டுகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். சாமிக்கு என்றாலும் வேண்டாம், கேதார்நாத்துக்கு வில்வம் கொண்டுபோங்கள். பார்த்தே ஆகணும் என்றால் ஆகஸ்டில் உத்தராகண்டின் காங்கரியா கிராமத்திலிருந்து ஹேமகுண்டம் ஏரிக்கு ஏறுங்கள். செங்குத்தான ஏற்றம், மூச்சு வாங்கும், மழையும் இருக்கும். கடைசிப் பகுதியில் பாதையோரப் பாறைகளுக்கு நடுவிலேயே பார்க்கலாம். வணக்கம்.