வாரம் ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

முழங்கால் தேய்மானம் என்று வருகிறவர்களுக்குப் பயிற்சிகளைச் செய்து காட்டி, படம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தனுப்புவேன். அடுத்த முறை அந்தத் தாள் சட்டைப்பையிலிருந்து மடிப்புக் கலையாமல் வெளியே வரும். "முதல் பத்து நாள் செஞ்சேன் சார்" என்பார்கள்.

இந்தப் பத்து நாள் விவகாரத்தைத்தான் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையில் எடுத்தார்கள். 2021-ல் வெளியான ஆய்வு. முழங்கால் தேய்மானம் உள்ள 206 பேர். நோயைப் பற்றிய விளக்கம் எல்லோருக்குமே இணையத்தில் கிடைத்தது. ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக 24 வாரப் பயிற்சித் திட்டமும், செல்பேசிக்குத் தானாக வரும் குறுஞ்செய்திகளும். பக்கத்தில் நின்று சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் கிடையாது. இந்த வாரம் எத்தனை தடவை செய்தீர்கள் என்று செய்தி கேட்கும். மூன்றுக்குக் குறைவென்றால் என்ன தடை என்று கேட்டு, சொன்ன காரணத்துக்கு ஏற்ற யோசனை ஒன்றை அனுப்பும். அவ்வளவுதான்.

முடிவில், குறிப்பிடும்படி வலி குறைந்தவர்கள் அந்தப் பிரிவில் 100-க்கு 72 பேர். விளக்கம் மட்டும் படித்தவர்களில் 42 பேர். ஜெர்மனியில் 2020 முதல், இப்படி சிகிச்சைக்கு உதவும் சில செல்பேசிச் செயலிகளை மருத்துவரே சீட்டில் எழுதித் தருகிறார். காசு காப்பீட்டுக் கணக்கில்.

பயிற்சி ஒன்றும் அதிசயமில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுவதை விட உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது. தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் மெதுவாக இறங்க வேண்டும். முன்தொடைத் தசை நடுங்குவது தெரியும். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். லேசான வலி இருந்து மறுநாள் அடங்கிவிட்டால் பயமில்லை. முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் மாட்டிக்கொண்டாலோ, செல்பேசியை வைத்துவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சரி, செயலியே இல்லாதவர்கள்? என்னிடம் வரும் ஒரு அம்மாவுக்குப் பேரன்தான் செயலி. ஞாயிறு காலையில் வாட்ஸ்அப்பில் "எத்தனை பாட்டி?" என்று கேட்பான். போன வாரப் பதிலை எனக்குக் காட்டினார்: "ரெண்டுதான்டா. கல்யாண வீடு." கீழே அவன் கேட்டிருந்தான், "மண்டபத்துல நாற்காலி இல்லையா?"